பூச்சித் துரையின் கால்மாடு

தலைமாட்டுலருந்துதான் தோண்ட ஆரம்பிச்சிருக்கான் குருநாதன். நல்லவேளை. என்னத்த நல்லவேளை, மண்ணாங்கட்டி, தலைமாட்டுல ஆரம்பிச்ச கொத்தனார் கால்மாட்டுக்கு வராம வானத்துக்கா போகப்போறான். மத்தியானச் சோத்துக்கு முன்னாடி வந்துருவான். காலையில ஆறு பேரு கடப்பாரை போட்டு நெம்பி, இரும்புக் குழாய் வச்சு உருட்டி, வெள்ளைக்காரத் துரை கல்லறை மேல கெடந்த அந்தப் பெரிய பலகைக்கல்லை ஓரமாத் தள்ளி வச்சுட்டாக. கல்லுக்கு அடியில மண்ணு வெளுத்துப்போய் ஈரமா இருக்கு. எல்லாரும் தலைமாட்டையே பாக்குறாக. பங்குச்சாமி பாக்குறாரு, காலேஜுலருந்து வந்த கோதை மேடம் பாக்குறாக, நான் மட்டும் கால்மாட்டைப் பாக்குறேன். பாக்காத சலேத்து, பாத்துப் பாத்தே காட்டிக் குடுத்துருவ. பக்கத்துக் கல்லறையில புல்லு புடுங்குற மாதிரி உக்காந்திருக்கேன். புல்லே இல்ல. நேத்தே புடுங்கிட்டேன். இல்லாத புல்லைப் புடுங்கிக்கிட்டிருக்கேன், கிறுக்கி. ரெண்டடி ஆழம் மண்ணெடுத்துட்டு ஜல்லி கொட்டி காங்கிரீட்டு போடணுமாம், அப்பத்தான் கல்லு இனிமே சாயாதாம். துரை ஆறடிக்குக் கீழ நிம்மதியா கெடக்காரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது. எம் புள்ள ஒன்றரை அடியில கெடக்கு. கால்மாட்டுல, மூங்கில் புதர் பக்கம், ஒன்றரை அடியில. இது தெரிஞ்ச மூணு பேருல மருத்துவச்சி கித்தேரி போயிட்டா, எங்க வீட்டுக்காரரும் போயி நாலு வருசமாச்சு. மிச்சம் நான் ஒருத்திதான்.

"யக்கா, கொஞ்சம் தண்ணி குடு" அப்படிங்கான் குருநாதன். செம்பை எடுத்துக் குடுக்கேன். தண்ணி அவன் சட்டையில சிந்துது. "என்னக்கா, துரையை எழுப்பி விட்டுருவோம்னு பயமா?" சிரிக்கான். நானும் சிரிக்கேன். இந்த மூங்கிப்பள்ளம் ஊரு பூராவும் அந்தக் கேலிதான். துரைக்கு மெழுகுவத்தி ஏத்துறவ, துரைக்குப் பொண்டாட்டி. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அவனவன் அப்பன் ஆத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, செவ்வந்தி போட்டு, வத்தி ஏத்தி அழுவான். நான் இவருக்கு அடிப்பேன். யாரும் இல்லாத மனுசன், பாவம்ல, அப்படின்னு சொல்லிக்கிருவேன். வத்தியைத் தலைமாட்டுல வைக்காம கால்மாட்டுல வைக்கியேன்னு ஒருத்தி கேட்டா. காத்து அடிக்குதுடி அங்கன்னேன். எத்தனை வாயை இப்படி அடைச்சிருப்பேன். நூத்தம்பது வருசத்துக்கும் முன்னாடி வந்தவராம். எத்தியன்னோ என்னமோ பேரு, என் வாயில நுழையாது. வத்தலக்குண்டுலருந்து நடந்தே மலை ஏறி, காடு காடாத் திரிஞ்சு, பூச்சி, பாம்பு, பட்டாம்பூச்சி, எலை தழையெல்லாம் புடிச்சுப் புடிச்சு சீசாவுல போட்டு அனுப்புனாராம். அதான் பூச்சித் துரை. ஒரு தவளையைக் கண்டுபிடிச்சவர்ம்மா அவருன்னு கோதை மேடம் சொன்னாக. நாங்க என்ன தவளையைத் தொலைச்சிட்டா தேடிக்கிட்டிருந்தோம்? சொல்லல. தலையை ஆட்டுனேன். காய்ச்சல்ல செத்துப்போனாராம், முப்பத்திநாலு வயசு. அதைக் கேட்டப்ப மட்டும் மனசு என்னமோ பண்ணுச்சு. அவரைப் பெத்தவளுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும், கப்பல்ல கடுதாசி போயி ஆறு மாசம் ஆயிருக்கும், அதுவரைக்கும் மகன் உசுரோட இருக்கான்னு நெனைச்சு ஆக்கித் தின்னுக்கிட்டு இருந்திருப்பா. தெரியாம இருக்குறது எவ்வளவு நல்லது. ஆனா எனக்குத் தெரியாம இருக்குறது அந்த மாதிரி இல்ல. எனக்குத் தெரியாதது வேற.

மண்வெட்டி சத்தம். சரக், சரக். அந்தப் புள்ள உதடு அசைஞ்சுச்சா இல்லியா. இதுதான். இருபத்தொம்பது வருசமா சுத்திச் சுத்தி இங்கதான் வந்து நிக்கேன், செக்குமாடு மாதிரி. ஐப்பசி அடைமழை, ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஒரு வாரமா பஸ்ஸு இல்ல, வலி வந்தது மாசம் நெறையறதுக்கு முன்னாடி. கித்தேரிதான் வந்தா. பொறந்துச்சு. அழல. தலைகீழாப் புடிச்சு முதுகுல தட்டுனா, அழல. நீலம் பாரிச்சிருந்துச்சு. உடனே கித்தேரி செம்புத் தண்ணியை எடுத்து நெத்தியில ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால உன்னைக் கழுவுகிறேன்னு சொன்னா, அவசர ஞானஸ்நானம். சாமியாரு வர முடியாத ஆபத்துல யாரு வேணாலும் ஊத்தலாம், அது செல்லும், ஆனா உசுரு இருக்கணும். உசுரு போனதுக்கப்பறம் ஊத்துனா அது வெறும் தண்ணி. புள்ள அப்ப என் கையில இருந்துச்சு. தண்ணி விழுந்தப்ப கீழ் உதடு இத்துனூண்டு அசைஞ்சுச்சு. அசைஞ்சுச்சா? தண்ணி விழுந்தா உதடு அசையும்ல, எலை மேல மழை விழுந்தா எலை அசையுற மாதிரி, அது எலையோட அசைவா, மழையோட அசைவா. நான் பாத்தேன். பாத்தேன்தான். ஆனா எதைப் பாத்தேன்? சில நாள் நல்லாத் தெரியும், அசைஞ்சுச்சு, மூச்சே விட்டுச்சு, என் கட்டைவிரல் மேல சூடா பட்டுச்சு. சில நாள் ஒண்ணுமே இல்ல, செத்த புள்ளையத்தான் கழுவுனோம். நெனைக்க நெனைக்கத் தேய்ஞ்சுபோச்சு. அந்த மூஞ்சியே இப்ப சரியா வரமாட்டேங்குது. மூக்கு என் மூக்கு. அது மட்டும் இருக்கு.

மிக்கேல் உபதேசியார் வந்தாரு. அந்த மனுசனைத் திட்ட எனக்கு வாய் வராது, நல்ல மனுசன், மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரு, கண்ணு கலங்கித்தான் நின்னாரு. சாமியாரு இல்லாத ஊருக்கு அவருதான் எல்லாம். கித்தேரியைக் கேட்டாரு, தண்ணி ஊத்தையில உசுரு இருந்துச்சா. அவ கெட்டிக்காரி, மாட்டிக்கிற மாட்டா. பெத்தவ கையில இருந்துச்சு அய்யா, அவளைக் கேளுங்கன்னுட்டா. என்கிட்ட வந்தாரு. "சொல்லு தாயி, உசுரு இருந்துச்சா?" ஆமான்னு ஒரு சொல்லு. ஆமா அய்யா, இருந்துச்சு. அவ்வளவுதான். எவ வந்து இல்லன்னு சொல்லப் போறா? கோழி திருடுனதுக்குப் பொய் சொல்லிருக்கேன், எங்க மாமியாகிட்ட நாளுக்கு நாலு பொய் சொல்லிருக்கேன். ஆனா இது தேவதிரவிய அனுமானம், ஆண்டவர் காரியம். இதுல பொய் சொன்னா அந்தப் பொய்யே புள்ளைக்குச் சாபமாயிருமோன்னு, அந்த ஒரு நிமிசம், பெரிய யோக்கியசாலி மாதிரி, "தெரியலைங்கய்யா"ன்னேன். தூ. நாக்கை அறுத்துப் போட்டிருக்கணும். தெரியலன்னா செல்லாது. செல்லாதுன்னா மந்திரிச்ச மண்ணுல எடம் இல்ல. அப்பச் சட்டம் அப்படி. சுவத்துக்கு வெளிய, கொய்யாமரத்துப் பள்ளத்துல பொதைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தப் பள்ளத்துல காட்டுப்பன்னி வரும். முந்தின வருசம் ஒருத்தி புள்ளையைப் பன்னி தோண்டிப்போட்டதை எங்க வீட்டுக்காரருதான் திரும்ப மூடுனாரு. கல்லறைக் காவலு அவருக்கு. அவரு பேரு சிலுவமுத்து, பேசவே மாட்டாரு. அன்னைக்கு மட்டும் பேசுனாரு. "பன்னிக்குப் போட மாட்டேன் சலேத்து."

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, ஒரு போட்டோ" கோதை மேடம் கூப்பிடுறாக. போறேன். சேலையை இழுத்துவிட்டுக்கிட்டு நிக்கேன். ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துப் பேப்பர்ல போட்டாக, துரையின் கல்லறையைப் பாதுகாக்கும் பெண்மணின்னு. அதுல நான் திருடி மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கேன். அடுத்த மாசம் துரையோட வம்சத்து ஆளுக வெளிநாட்டுலருந்து வாராகளாம், அன்னைக்கு எனக்குப் பொன்னாடை போத்துவாகளாம். "உங்களாலதாம்மா இந்தக் கல்லறை மிஞ்சுச்சு. சுத்தி இருக்கறதெல்லாம் உடைஞ்சு கெடக்கு பாருங்க"ங்காக. நல்ல பொண்ணு. மண்ணுல முழங்கால் போட்டு உக்காருது, துணியைப் பத்திக் கவலையே இல்ல. பதினோரு வருசமா இந்த ஒரு ஆளைப் பத்தியே படிக்கிதாம். எனக்கு இவுகளைப் பாத்தா கோவமும் வருது, பாவமாவும் இருக்கு. ஏம்மா, நீ படிக்கிற துரை வீட்டுல நான் குடி வச்சிருக்கேன்மா ஒருத்தியை, வாடகை இல்லாம. சொல்லிரலாமா? அப்பவே சொல்லிருக்கலாம். மூணு வாரத்துக்கு முன்னாடி பூசையில சாமி இந்த வேலையை அறிவிச்சப்பவே சொல்லிருக்கலாம். தனியாத் தோண்டி எடுத்துறலாம்னு ரெண்டு நாள் கடப்பாரையோட வந்து பாத்தேன். புள்ளையைப் பொதைச்ச அன்னைக்குக் கல்லோரமா பெருச்சாளி பறிச்ச வளை ஒண்ணு இருந்துச்சு, அதைப் பெருசாக்கித்தான் எங்க வீட்டுக்காரரு பக்கவாட்டுல தோண்டி உள்ள வச்சாரு, அப்பறம் சிமிட்டி போட்டுப் பூசிட்டாரு. அந்த மனுசன் பூசுனா பூசுனதுதான், அடிக்க அடிக்க என் முழங்கால்தான் போச்சு. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிறலாம்னு வரிசையில நின்னேன். உள்ள முழங்கால் போட்டதும் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுனேன் சாமின்னு சொல்லிட்டு, அபராதமா மூணு அருள்நிறை மந்திரம் வாங்கிட்டு வந்துட்டேன்.

சாமி குடையைப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. சின்ன வயசு, எம் மகன் செல்வின் வயசு இருக்கும். செல்வின் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அவனுக்கு ஒரு அக்கா இருந்தான்னே தெரியாது. போன வருசம் இந்தச் சாமி பிரசங்கத்துல சொன்னாரு, ஞானஸ்நானம் இல்லாமச் செத்த கொழந்தைகளைப் பத்தி இப்ப திருச்சபை அப்படிச் சொல்றதில்ல, அதுக இருட்டுல இல்ல, ஆண்டவரோட இரக்கத்துல இருக்குதுகன்னு. சந்தோசமா? எனக்கு எந்திரிச்சுப் போயி அந்த மைக்கைப் புடுங்கணும்போல இருந்துச்சு. இப்ப சொல்றீகளேய்யா, அன்னைக்கு எங்க போனீக? அப்ப நான் எதுக்குப் பயந்தேன்? அந்த ஞாயித்துக்கிழமை உபதேசியாரு செபம் நடத்துற நேரமாப் பாத்து, ஊரு சனம் பூரா கோயிலுக்குள்ள இருக்கையில, கொட்டுற மழையில, பெத்து ஒரு நாளான பச்சை உடம்போட நான் குடை புடிக்க, அவரு மண்ணுல படுத்துக்கிட்டு வளைக்குள்ள கையை விட்டுத் தோண்டுனாரு. ஏங்க, நனையுதுங்கன்னு நான் சொன்னது அவரை இல்ல. குடையைக் குழிக்குத்தான் புடிச்சேன். கோயில்ல செபத்துக்கு மணி அடிச்சுச்சு. உள்ள எல்லாரும் முழங்காலு போட்டிருப்பாக. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இப்ப போலீசு வருமோ? கொன்னு பொதைச்சான்னு சொல்லுவாகளோ? சாட்சி சொல்ல கித்தேரியும் இல்ல. காவக்காரி வீடுன்னு குடுத்திருக்க அந்த ஒத்தை ரூமைப் புடுங்கிக்கிட்டு அனுப்பிருவாகளோ? அனுப்பட்டும். என்னை அனுப்பட்டும். அதை என்ன பண்ணுவாக? அதான். மண்ணோட மண்ணா அள்ளி அந்தப் பள்ளத்துலயே கொட்டிருவானுகளா? அந்தா, வாரி வாரி அங்கதானே கொட்டுறான். கூடை கூடையா கொய்யாமரத்துப் பள்ளத்துலதான் கொட்டுறான். எந்தக் கூடையில போகப்போறாளோ.

குருநாதன் நகந்துட்டான். பாதிக்கு மேல வந்துட்டான். இன்னும் ரெண்டு முழம். ஒருவேளை ஒண்ணுமே இருக்காது. இந்த மலை மண்ணுக்கு அரிக்கிற கொணம், எலும்பைத் தின்னுரும்னு அவரு சொல்லுவாரு, காவக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும். பெரிய ஆளு எலும்பே பாதி போயிரும், பச்சைப்புள்ள எலும்பு எம்மாத்திரம். ஆண்டவரே, ஒண்ணுமே இல்லாம இருக்கட்டும். ஐயோ, என்ன வேண்டுதல் இது? ஒண்ணுமே இல்லாம இருக்கட்டும்னு எந்தத் தாயி வேண்டுவா? அப்ப இருபத்தொம்பது வருசமா வெறும் மண்ணுக்கா வத்தி ஏத்துனேன்? இல்ல, இருக்கணும். கொஞ்சமாவது இருக்கணும். இருக்கக் கூடாது. சலேத்து மாதாவே, உன் பேரைத்தானே எனக்கு வச்சாக, நீயும் உக்காந்து மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதவதானே, எதையாவது ஒண்ணைச் செய்யி. மழை வரட்டும். குருநாதனுக்கு வயித்த வலிக்கட்டும். வெயிலு கொளுத்துது. சரக், சரக்.

"இருங்க இருங்க! நிறுத்துங்க!" கோதை மேடம்.

மண்வெட்டி நின்னுருச்சு. மேடம் மண்ணுல கவுந்து படுத்துக்கிட்டு, பையிலருந்து பெயிண்டு அடிக்கிற பிரஷ்ஷு மாதிரி ஒண்ணை எடுத்து, பூவைத் தொடைக்கிற மாதிரி தொடைக்கிறாக. நான் எந்திரிச்சு நிக்கேன், எப்ப எந்திரிச்சேன்னு தெரியல. தெரியுது. இருக்கு. விரல் நீளத்துக்கு ரெண்டு மூணு, பழுப்பா. முட்டை ஓடு மாதிரி வளைஞ்சு ஒண்ணு. இவ்வளவுதானா? ரெண்டு கை நெறைய இருந்தாளே. சாமி குனிஞ்சு பாக்காரு, அவரு மூஞ்சி மாறுது. சிலுவை போடக் கையைத் தூக்குறாரு. முடிஞ்சுது. கேக்கப் போறாக. யாருடையது இதுன்னு கேக்கப் போறாக.

"ஃபாதர்!" மேடத்துக்குக் கண்ணுல தண்ணி. சிரிக்காக. "இது அவரோட தேவாங்கு! அவரு டைரியில எழுதியிருக்காரு. இங்க ஒரு தேவாங்கு வளர்த்தாரு, பகல் பூரா அவரு சட்டைப் பைக்குள்ள தூங்குமாம். கடைசிக் காய்ச்சல்லகூட அது பக்கத்துலயே இருந்ததாம். அவரு இறந்தப்ப வேலைக்காரங்க அதையும் கூடவே வச்சிருக்காங்க, பாருங்களேன். காலடியில!"

சாமி தூக்குன கையை எறக்கிட்டாரு. "அப்படியா! அடேயப்பா" அப்படிங்காரு.

தப்பிச்சேன். மொதல்ல அதுதான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள்ள ஒரு மூட்டையை எறக்கி வச்ச மாதிரி, தப்பிச்சேன்டா ஆண்டவரே. போலீசு இல்ல, ஊரு பேச்சு இல்ல. அதுவும் பள்ளத்துல போகாது, மேடம் பத்திரமா வச்சுக்கிருவாக. கண்ணாடிப் பெட்டியில வைப்போம்னு சொல்றாக, துரையோட சாமானெல்லாம் வைக்கப்போற அந்த ரூம்புல, பள்ளிக்கூடப் புள்ளைகளெல்லாம் வந்து பாக்குமாம். மூணு வாரமா கேட்டு அழுத வழி இதுதான், வேற என்ன கேட்ட நீ? மேடம் ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணாடிக் கவருக்குள்ள போடுறாக. அவ்வளவு பதனமாத்தான் எடுக்காக. ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, பேனாவுல எழுதுறாக. நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டாமலே வாசிச்சிருவேன். தேவாங்கு. அடியில நம்பரு. குருநாதன் கடப்பாரையில சாஞ்சுக்கிட்டு, "நம்ம சலேத்தக்காவுக்கு முன்னாடியே துரைக்கு ஒரு ஜோடி இருந்திருக்குய்யா, கொரங்கு மூஞ்சில"ங்கான். எல்லாரும் சிரிக்காக. சாமிகூட சிரிக்காரு. நானும் சிரிச்சேன். என் வாயிதான் சிரிச்சுச்சு. நல்லாப் பல்லு தெரிய, எம் புள்ளையைப் பாத்து, அந்தக் கூட்டத்தோட கூட்டமா நானும் சிரிச்சேன்.

"குரங்கும் இல்ல கிரங்கும் இல்ல."

யாரு பேசுனாகன்னு எல்லாரும் திரும்பிப் பாக்காக. நான்தான்.

"என்னம்மா?" மேடம் பேனாவைப் புடிச்சபடியே கேக்காக.

"அது எம் மகம்மா."

"சலேத்தம்மா, வெயில்ல ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, போயி நிழல்ல..." சாமி கிட்ட வாராரு.

"எனக்கு வெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல சாமி. தெளிவாத்தான் பேசுறேன். எம் மக. நான் பெத்தது. எங்க வீட்டுக்காரரு தோண்டுனாரு, நான் குடை புடிச்சேன். எல்லாம் சொல்றேன், போலீசுகிட்ட வேணாலும் சொல்றேன்." குருநாதன் கடப்பாரையைக் கீழ போட்டுட்டான். அவன் மூஞ்சியைப் பாக்க எனக்கு நேரமில்ல. முழங்காலு வலிச்சுச்சு, குழிக்குள்ள எறங்கி மேடம் முன்னாடி உக்காந்தேன். மேடம் என்னையும் பாக்காக, கவரையும் பாக்காக, உதடு துடிக்குது அந்தப் பொண்ணுக்கு. நான் கையை நீட்டுனேன்.

"மொதல்ல அந்தப் பேரை அழிங்கம்மா. அப்பறமாக் குடுங்க."